மூன்றாவது வளைவு

வெள்ளி இரவே வந்துவிட்டோம் ஒலவாரியாவுக்கு.
தானிய லாரியின் முதுகில் சாரம் கட்டி
அதன்மேல் நான்கு நாற்காலி, ஒரு தார்ப்பாய்.
கீழே டெல்ஃபோர் கரி மூட்டிக்கொண்டிருக்கிறான்.
மழை வரும் என்கிறது வானொலி.
வராது என்கிறான் டெல்ஃபோர்,
வானொலிக்காரன் ஃபோர்டு கட்சி என்பதால்.

நானும் ஃபோர்டு கட்சிதான்.
இருந்தாலும் இறைச்சி செவர்லேக்காரன் கையால் வெந்தால்
அதற்கொரு ருசி உண்டு என்பதை
பதினாறு வருடமாக மறுக்க முடியவில்லை.

பேச்செல்லாம் அந்தப் பையனைப் பற்றி.
சீரோ புஸ்திங்கொர்ரி, வயது பத்தொன்பது,
பெரிய வண்டி ஓட்டத் தொடங்கி நான்கே மாதம்.
"சீரோ இல்லையடா, சேரோ" என்று இழுக்கிறான் டெல்ஃபோர்.
எங்கள் மொழியில் சேரோ என்றால் பூஜ்யம்.
முளைத்து மூன்று இலை விடவில்லை,
பிரேக் என்று ஒன்று இருப்பதை
யாரும் இவனுக்குச் சொல்லவில்லை,
வளைவுக்கு வளைவு செத்துப் பிழைக்கிறான்,
நெஞ்சு வலிப்பது எனக்கு.

சுல்மா மாத்தே குவளையை உறிஞ்சி முடித்தாள்.
அவள் கிடங்கில் எடைமேடை பார்ப்பவள்.
லாரி ஏறி நிற்கும்போதே எடையைச் சொல்லிவிடுவாள்,
முள் பிறகு வந்து ஒப்புக்கொள்ளும்.
"முந்திப் பிடிக்கிறான்" என்றாள்.
"எதை?"
"பிரேக்கை. மூன்றாவது வளைவில். இரண்டு வண்டி நீளம் முந்தி."
டெல்ஃபோர் சிரித்த சிரிப்பில்
பக்கத்துக் கூடாரத்து நாய் எழுந்து குரைத்தது.

ஞாயிறு, பதினொன்றாவது சுற்றில் மழை.
(வானொலிக்காரன் வாழ்க.)
எட்டு வளையம் சுற்றும் எந்திரச் சத்தம்
முதலில் பல்லில், பிறகு நாற்காலிக் காலில்,
கடைசியாகத்தான் காதில்.
முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராகத் தயங்கினார்கள்.
நூற்றுப் பதினெட்டு தயங்கவில்லை.
பத்தொன்பதாம் இடம், பதினாறு, பதினொன்று.
ஒவ்வொரு முறை எங்களைக் கடக்கும்போதும்
சுல்மாவின் கட்டைவிரல் கடிகாரத்தை அழுத்தும்,
நோட்டுப் புத்தகத்தில் ஓர் எண் விழும்,
மை மழையில் கரையும், அதன்மேல் மறுபடி எழுதுவாள்.
டெல்ஃபோர் ஒன்றும் பேசவில்லை.
சாரத்தின் கம்பியைப் பிடித்திருந்தான்,
பிரேக்கை அவனே மிதிப்பதுபோல்
வலது கால் பலகையை அழுத்திக்கொண்டிருந்தது.

கடைசிக்கு முந்திய சுற்று.
ஏழாம் இடத்திலிருந்து வந்தான்,
மூன்றாவது வளைவு,
இந்த முறை பிடிக்கவில்லை,
இன்னும் பிடிக்கவில்லை,
பிறகு பிடித்தான்.
வண்டி முழுவட்டம் சுழன்று
புல்லை உழுதுகொண்டு வந்து
எங்கள் வேலிக்குப் பத்தடியில் நின்றது.

இறங்கினான். தலைக்கவசத்தைக் கழற்றினால்
இவ்வளவு சின்ன முகமா.
காதுமடலில் பருக்கள்.
இரண்டு நாளாக இவனைத் துண்டுதுண்டாக அறுத்தவர்கள் நாங்கள்.
ஒருவருக்கும் வாய் வரவில்லை.
டெல்ஃபோர் இறங்கிப் போய்
ரொட்டியில் தொத்திறைச்சி வைத்து
கம்பிவலை இடுக்கில் நீட்டினான்.
பையன் சேற்றுக் கையாலேயே வாங்கிக் கடித்தான்.

சுல்மாவின் கழுத்தில் கடிகாரத்தைப் பார்த்து
"போன சுற்று எவ்வளவு?" என்றான்.
சொன்னாள்.
மென்றுகொண்டே யோசித்தான்.
"இங்கே நாள் முழுக்க முந்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்" என்றான்,
"இப்போதுதான் சரியான இடம் தெரிந்தது.
ஒரு அடி தள்ளிப்போய்விட்டது, அவ்வளவுதான்."
இழுவை வண்டி வந்தது.
நன்றி என்று டெல்ஃபோரிடம் சொன்னானா
ரொட்டியிடம் சொன்னானா தெரியவில்லை.

திரும்பும் வழியெல்லாம் சூரியகாந்தி வயல், சேறு.
"இன்னும் பத்து வருடம் ஆகும் அவனுக்கு" என்றான் டெல்ஃபோர்.
கொஞ்சம் தூரம் போனபின்
"அடுத்தது எங்கே, ரஃபேலாவா?" என்றான்.
யாரும் பதில் சொல்லவில்லை,
அவன் டீசலுக்குக் கணக்குப் போட ஆரம்பித்திருந்தான்.

வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் சுல்மா பார்த்தாள்,
கடிகாரத்தை நிறுத்தவே இல்லை.
நான்கு மணி இருபத்திரண்டு நிமிடம், ஓடிக்கொண்டிருந்தது.
"மோசமான சுற்று" என்றாள்,
அதையும் எழுதிவைத்துக்கொண்டாள்.