காற்றுக்கும் கட்டணம்

புந்தா அரேனாஸில் ஜூலை.
நாலரை மணிக்கே வெளிச்சத்தை மடித்து வைத்துவிடுகிறார்கள்.
நண்டு நிறுவனத்தின் இரண்டாம் மாடியில்
மூன்று பெட்டிகள், ஒரு ஹெட்போன்,
சுவிட்ச்போர்டில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்த
நெலிதா பாரியா.

எந்தக் குரல் எந்த வழியில் வருகிறது என்று
அவளிடம் நான் மூச்சுக் காட்டக் கூடாது.
ஒன்றிலிருந்து ஐந்துவரை
அவள் மதிப்பெண் போட வேண்டும்.

அந்தப் பக்கம், பீகிள் கால்வாய்க் கரையில்,
எலிசேயோ ஒயார்சோ ஒரே தாளைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறான்:
"பதினேழு கூடை. உப்பு தீர்ந்துவிட்டது.
படகு கிளம்புகிறது."

முதல் வழி, ஏடிஎம்.
பணம் தரும் இயந்திரம் அல்ல, தின்னும் இயந்திரம்.
குரலை நாற்பத்தெட்டு பைட்டாக நறுக்கி
ஐந்து பைட் முகவரி ஒட்டி
ராணுவ நடையில் அனுப்பிவைக்கும்.
நாலரை என்று எழுதினாள்.
விலையை அவளிடம் சொல்லவில்லை.

அடுத்தது ஃபிரேம் ரிலே.
அந்தப் பாதைக்கு ஏற்கெனவே வாடகை கட்டுகிறோம்.
நடுவே யாரோ சம்பளக் கோப்பை அனுப்பினார்கள்.
நீளமான லாரிக்குப் பின்னால்
மாட்டிக்கொண்ட ஆம்புலன்ஸ் மாதிரி
"பதினே... கூடை" வந்தது,
ழு எங்கோ வழியில் நின்றது.
மூன்று.

கடைசியாக ஐபி.
இருபது பைட் குரலுக்கு
நாற்பது பைட் தலைப்பு.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
போதாததற்கு, ஒவ்வொரு பொட்டலமும் அதனதன் இஷ்டத்துக்கு வரும்;
கொஞ்சம் காத்திருந்து பார்ப்போம்,
பந்தி முடிந்தபின் வருகிறவரை
வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவோம்.
"குளியலறையிலிருந்தா பேசுகிறான்?" என்றாள்.
மூன்றரை.

மூன்றரை போதும், மலிவு.
இன்னும் மலிவாக்க ஒரு விசை உண்டு.
பேசாத நேரத்தில் எதையும் அனுப்பாதே.
லைன் செத்ததோ என்று கேட்பவர் பயப்படாமல் இருக்க
இந்தப் பக்கப் பெட்டியே
மெல்லிய இரைச்சல் ஒன்றைச் சமைத்துப் போடும்.
ஆறுதல் இரைச்சல் என்று பெயர்.
விசையைப் போட்டேன்.

நெலிதா ஹெட்போனைக் கழற்றினாள்.
"ஜன்னலைச் சாத்திவிட்டானா?"

சாத்தவில்லை. சாத்த முடியாது.
ஏப்ரலிலிருந்து அந்தச் சட்டம் கோணிக்கொண்டிருக்கிறது.
அவன் நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும்
மேற்கிலிருந்து வரும் காற்றைப் பெட்டி
பேச்சில்லை என்று தள்ளிவிட்டு
தன் இரைச்சலை ஊற்றிக்கொண்டிருந்தது.

"த்ராகோ, இதைக் கேள்.
படகு கிளம்புகிறது என்று அவன் எப்போதும் சொல்வான்.
சொல்லத்தானே சம்பளம்.
கிளம்புமா என்பதை
அவனுக்குப் பின்னால் இருப்பது சொல்லும்.
அதைக் கேட்டுத்தான் நான் லாரியை அனுப்புகிறேன்."

என் அட்டவணையில் தாமதத்துக்கு ஒரு கட்டம்,
இழப்புக்கு ஒன்று, விலைக்கு இரண்டு.
இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
விசையை அணைத்தேன்.
பாதை ஏறக்குறைய இரு மடங்கு நிறைந்தது.

"மௌனத்துக்கா பணம் கேட்கிறாய்?"
என்றார் மேலாளர் ராதோமிர்.
காற்றுக்கு என்றேன்.
கையெழுத்துப் போடும்வரை
என்னை நிமிர்ந்து பார்க்கவேயில்லை.

ஆகஸ்ட், முதல் திங்கள், விடியற்காலை.
"படகு கிளம்புகிறது," என்றான் எலிசேயோ.
பிறகு மூன்று வினாடி
ஒன்றும் சொல்லவில்லை.
நூற்றைம்பது பொட்டலங்கள்
விண்ணேறி இறங்கின.

நெலிதா லாரிக்காரனைக் கூப்பிட்டு,
"தூங்கு" என்றாள்.