முப்பத்திரண்டு

நெப்ராஸ்கா, ஜனவரி.
கராஜ் கதவுக்கு அடியில் பனி மூக்கை நீட்டுகிறது.

ஹெட்டைக் கழற்ற மாட்டேன் என்கிறாள் வெர்லீன்.
துணிக்கொடியை அறுத்துவந்து
பிளக் துளை வழியே முழம் முழமாக ஊட்டுகிறாள்.
கிராங்கைத் திருப்பினால் பிஸ்டன் ஏறிவந்து
கயிற்றை நெரித்து நிற்கிறது.
இனி வால்வு உள்ளே விழாது.
விழுந்தால்?
விழாதுன்னேனே.

கழற்றிய ஸ்பிரிங்கைப் புதியதன் பக்கத்தில் வைத்தாள்:
ஒரு நெல் உயரம் குறைவு.
நாற்பது வருடம் சோளம் சுமந்த பிக்கப்,
குனியாமல் என்ன செய்யும்?

வால்வுக்கு இரண்டு லாக்,
நகத்துண்டு போல.
மொத்தம் முப்பத்திரண்டு.
கிரீஸ் தொட்டு ஒவ்வொன்றாக ஒட்டுகிறாள்.
என் வேலை விளக்குப் பிடிப்பது.

பதினோராவது வால்வில் கம்ப்ரசர் வழுக்கியது.
டிங்.
அப்புறம் ரேடியோவில் பன்றி விலை மட்டும்.

எண்ணெய் ஓட்டைகளில் துணி அடைச்சாச்சா?
ஆச்சு என்றேன்.
மூன்றில் அடைத்திருந்தேன்.
நான்காவது
விளக்கின் நிழலில் வாயைத் திறந்துகொண்டிருந்தது.

காந்தக் குச்சியோடு தரையில் தவழ்ந்தோம்.
ஆணி வந்தது, வாஷர் வந்தது,
போன கோடையில் காணாமல்போன அவள் கம்மல் வந்தது.
ஒன்றரை மணி நேரம்.
ஒப்புக்கொள்ள வாயெடுத்தபோது
என் கால்சட்டை மடிப்பிலிருந்து
உருண்டு விழுந்தது லாக்.

வெர்லீன் சிரித்தாள்,
கையால் மறைக்காமல், இருக்கிற பல்லெல்லாம் தெரிய.
கடைவாய்ப் பக்கம் ஒன்று இல்லை;
அதைக் கட்ட வைத்திருந்த பணம்தான்
கேம்ஷாஃப்டாக வந்து பெட்டியில் கிடக்கிறது.

காபி கொண்டுவா என்றாள்.
அவள் கை கழுவத் திரும்பியதும்
நான்காவது ஓட்டையில் துணியைத் திணித்துவிட்டு
உள்ளே போனேன்.