கமிஷனர் அறிக்கை, இணைப்பு மூன்று

தேவகோட்டை சார்பு நீதிமன்ற உத்தரவுப்படி
ஐம்பது மீட்டர் டேப்போடு போனேன்.
வாதிகள் பதினொரு புள்ளி,
பிரதிவாதிகள் நாற்பத்தாறு.
மாளிகை ஒன்று.

முகப்பில் கொரிந்தியத் தூண் பன்னிரண்டு.
உச்சியில் அகாந்தஸ் இலை விரிய வேண்டிய இடத்தில்
வாழைப்பூ மடல்.
செய்தவன் கண்ட இலை அதுதான்.
ஏழாம் பிரதிவாதி வெள்ளையன் அதைப் பிழை என்றார்.
'நல்ல நிலையில் உள்ளது'
என்று குறித்துக்கொண்டேன்.

மௌல்மீனில் மரம் விற்ற அ.நா.சித. குடும்பத்துக்கு
ரங்கூன் பாங்கு ஒன்றின் படம் பிடித்துப்போயிற்று.
தபால் அட்டை, உள்ளங்கை அகலம்.
1909இல் அதைத்தான் கொத்தனாரிடம் நீட்டினார்கள்.
ஊருக்கெல்லாம் கடன் கொடுத்தவர்கள்
தூணை மட்டும் கடன் வாங்கினார்கள்.

அட்டையில் முன்பக்கம் மட்டும் இருந்தது.
பக்கச் சுவர் எப்படி என்று கேட்டு
கொத்தனார் அடைக்கலம் போட்ட கடிதம்
நான்காம் சான்றாவணம்.
கப்பல் போய்வர ஏழு வாரம்.
அதற்குள் அவரே கட்டிவிட்டார்:
கோயிலில் பார்த்த யாளி,
பள்ளிவாசலில் பார்த்த வளைவு,
திருச்சி ரயிலடியில் ஒருநாள் வண்டி தவறி
அண்ணாந்து பார்த்த கூரை விளிம்பு.
பதில் பிற்பாடு வந்தது.
'உம் இஷ்டம்.'

உச்சியில் கஜலட்சுமி.
இருபுறமும் யானைக்குப் பக்கத்தில்
துப்பாக்கி பிடித்த சிப்பாய்கள், மீசை மட்டும் நம்மூர்.
அடியில் சுதைக் கடிகாரம், மணி பத்து பதினேழு.
ரங்கூனில் யாரோ படம் எடுத்த நேரம்.
'இயங்குகிறதா?' என்றொரு கட்டம் படிவத்தில் உண்டு.
தாண்டிப் போனேன்.

மூன்றாம் கட்டின் பின்சுவரில்
பூச்சு தோளுயரத்தில் நிற்கிறது.
1942. பர்மாப் பணம் நின்றது.
கரண்டி வழித்த கடைசி வீச்சு அப்படியே இருக்கிறது,
அவசரமில்லாமல்.

மேற்குச் சுவரில் வெளியே எண்ணினால்
சன்னல் ஒன்பது.
உள்ளே எட்டு.
மூன்று தடவை எண்ணினேன், காவல்காரர் சிரித்தார்.
ஒன்பதாவது வெறும் வண்ணம்.
கிழக்கே ஒன்பது என்பதால் மேற்கேயும் ஒன்பது.
ஒருக்களித்த கதவு, இடுக்கில் கருநீலம்,
அதற்குள் ஒரு விளக்கோ என்னவோ, மஞ்சள் புள்ளி.
யார் கேட்டார்கள் அந்தப் புள்ளியை?

முப்பத்தொன்றாம் பிரதிவாதி சிகப்பி
சிங்கப்பூரிலிருந்து வீடியோவில் வந்தார்.
தேக்கு வேண்டாம், பளிங்கு வேண்டாம்,
அந்தச் சன்னல் தன் பங்கில் வரட்டும் என்றார்.
அது சன்னல் இல்லைங்க என்றேன்.
"தெரியும்" என்றார்.

வெளி அளவு: நான்கரைக்கு ஏழரை அடி.
உள் அளவு எழுத
பேனாவைத் திறந்து வைத்திருந்தேன்.
டேப் தானாகச் சுருண்டு
கையில் அறைந்தது.