காலியிடக் கணக்கு

வில்லை திரும்பி வந்தபோது மஞ்சளித்திருந்தது.
அனுப்பும்போது வெள்ளை.
லித்தியம் ஆக்சைடு, நகக்கண் அகலம்.
வடக்கே எங்கோ ஒரு முடுக்கியின் வாசலில்
ஆறு மணிநேரம் அயனி மழையில் நின்றுவிட்டு
ஆர்கான் நிரப்பிய குப்பியில்
நாகர்கோவில் வந்து சேர்ந்தது.

ஈரம் ஆகாது அதற்கு.
ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை என்று
இரண்டு பருவமும் குடியிருக்கிற ஊர் இது.
கையுறைப் பெட்டியின் ரப்பர் விரல்களுக்குள்
என் விரல்கள் வியர்க்க
உப்புக்காற்று அறியாமல் அதை எடுத்து வைத்தேன்.

பக்கத்து மேசையில் கதிர் எண்ணி
விட்டுவிட்டுக் கத்தியது.
"ஒனக்க வில்லையா பிள்ளே ஒழுகுது?" என்றார்
ஆய்வகத்து வில்பிரட் அண்ணன்.
வில்லைப் பக்கம் நீட்டினேன். சும்மா இருந்தது.
என் செருப்புப் பக்கம் நீட்டினேன்.
வேகம் பிடித்தது.

சின்னவிளைக் கருமணல்.
காலையில் பஸ் பிடிக்க ஓடியதில்
வார்களுக்கிடையே ஏறியிருக்கிறது.
அதில் வீடு கட்டி விளையாடியவள் நான், ரெஜிலா.
பின்னணியைக் கழித்துவிட்டால்
மிச்சம் நான் எவ்வளவு என்று
எந்தக் கருவியும் சொன்னதில்லை.

கணக்கு எளிது என்றிருந்தேன்.
ஆக்சிஜன்கள் கட்டிய அறைகளில்
அறைக்கு ஒன்றாய் லித்தியம்.
ஒன்று போனால் பக்கத்தது அங்கே தாவும்,
அதன் இடத்துக்கு அதற்கடுத்தது.
வெள்ளிச்சந்தையில் ஒருவர் இறங்க
பஸ் முழுக்க ஓர் இருக்கை முன்னே நகர்வதுபோல்.
முன்னே போவது ஆட்கள்,
பின்னே போவது வெற்றிடம்.
கதிர் அடித்தால் ஓட்டை பெருகும்,
ஓட்டை பெருகினால் ஓட்டம் பெருகும்.
ஆய்வுச் சுருக்கத்தில் இதை
முன்கூட்டியே எழுதியும் வைத்திருந்தேன்.

திரையில் மின்மறுப்பு வளைவு எழுந்தது.
சின்ன அரைவட்டமாய் வரவேண்டியது
முட்டத்துப் பாறைபோல்
முதுகு வளைத்துக் கிடந்தது.
தடை கூடியிருக்கிறது.
மூன்று முறை அளந்தேன்.
வெள்ளிப் பூச்சைச் சுரண்டி, மறுபடி பூசி, நாலாம் முறை.
அதே முதுகு.
"நாளைக்கு மூணு மணிக்குக் கரண்டு போவும், பாத்துக்க"
என்றார் வில்பிரட் அண்ணன். வேறொன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் அண்ணா பஸ் நிலையம்.
ஜன்னல் வழியே யாரோ எறிந்த துண்டு
இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தது.
ஆளில்லை. காலியும் இல்லை.
கர்ப்பிணி ஒருத்தி கம்பியைப் பிடித்து நின்றாள்.
அவளுக்குப் பின்னால் மீன் சருவங்கள், பள்ளிப் பைகள்,
யாரும் யாரையும் தாண்ட முடியாத நெரிசல்.
அம்மாண்டிவிளை வரைக்கும்
துண்டுக்காரர் வரவேயில்லை.

நின்றபடியே நோட்டில் கிறுக்கினேன்:
ஆக்சிஜன் பெயர்ந்த குழியில்
ஒற்றை எலக்ட்ரான் மாட்டிக்கொண்டிருக்கிறது.
அதுதான் மஞ்சள்.
அந்தக் குழி, லித்தியம் விட்டுப்போன இடங்களை
அருகே இழுத்து நிறுத்திக்கொள்கிறது.
இடம் இருக்கிறது.
இடம் நகரவில்லை.

எழுதி முடித்துத் துண்டை எடுத்து மடித்தேன்.
அவள் உட்கார்ந்தாள்.
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் உலையில்
நூறு டிகிரி, நூற்றைம்பது, இருநூறு.
ஒவ்வொரு சூட்டிலும் முதுகு சிறுத்தது.
இருநூற்றைம்பதில்
மஞ்சள் வெளுக்கத் தொடங்கிய நேரம்
கரண்ட் போனது.
சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால்.

இருட்டில் உலை தன் சூட்டை
மெதுவாக விட்டுக்கொண்டிருந்தது.
சுருக்கத்தில் 'பெருகும்' என்ற சொல்லை அடித்தேன்.
அந்த இடத்தில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.
செருப்பைத் தட்டி, விழுந்த ஒரு சிட்டிகையைக்
குப்பியில் போட்டு மூடி
மேலே ஒட்டினேன்:
பின்னணி.