நாலு மணிச் சுவர்

சிமெண்டு ஒன்றுக்கு மணல் நான்கு.
முதல் நாள் மாற்றிப் போட்டுவிட்டேன்.
யாரும் சிரிக்கவில்லை,
மூட்டையின் விலை தெரிந்தவர்கள்.

பாயான் லெப்பாஸில் பதினேழு வருடம்
மைக்ராஸ்கோப்பில் கண் வைத்திருந்தவள் நான்.
மயிரிழைக் கீறல் தப்பாது.
ஆலையைப் பூட்டியபோது
கண்ணுக்கென்று தனியாக எதுவும் தரவில்லை.

இப்போது ஜெலுத்தோங் பட்டறையில் கரணை.
கற்றுத் தருகிற ரொஃபிகுல்
என் மகனைவிட இரண்டு வயது இளையவன்.
"லெம்பார், லெம்பார்" என்று வீசச் சொல்கிறான்;
நான் தோசை மாவாய்த் தேய்க்கிறேன்.

முதல் பூச்சு
சாப்பிட்டுவிட்டு வருவதற்குள்
அப்பளமாய்ப் பிரிந்து தரையில் கிடந்தது.
செங்கலுக்குத் தாகம் என்றான்.
தண்ணீர் காட்டாமல் பூசினால்
சாந்திலிருந்தே உறிஞ்சிக் குடித்துவிடுமாம்.
அன்றிலிருந்து வாளியோடுதான் தொடங்குகிறேன்.

தோள்பட்டை இரவெல்லாம் எரிகிறது.
மட்டப்பலகையைக் கீழிருந்து மேலே
அறுப்பதுபோல் இழுக்க,
குழிகள் தாமாகவே முகம் காட்டுகின்றன.
அவை மட்டும் எனக்குப் பழக்கம்.

நாலு மணிக்கு, இறுகுமுன்,
அவரவர் சுவரை அவரவர் சுரண்டிவிட வேண்டும்.
நாளைக்கு வருகிறவனுக்கும் சுவர் வேண்டுமே.
இன்று என்னுடையதில்
ரசமட்டத்துக் குமிழி நடுவில் நின்றது.
ரொஃபிகுல் கைபேசியில் படம் எடுத்தான்.
பிறகு சுரண்டினேன்.

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில்
லிஃப்ட் ஓடவில்லை.
ஏழாம் மாடிவரை சுவரைத் தொட்டுக்கொண்டே ஏறினேன்.
நான்காம் திருப்பத்தில்
கரணை போன வளைவு
எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது.
இடக்கைக்காரன்.
பன்னிரண்டு வருடம் அவனைக் கடந்து
காய்கறிப் பையோடு போயிருக்கிறேன்.