இருபத்துமூன்று குல்லாய்

லாபிஸ் பட்டணத்தில் பஸ் இறங்கி
செம்பனை லாரி கழுவும் இடம் தாண்டினால்
தேவாலயம். அதன் பின்கட்டில் நாங்கள்.
முன்னே அது பாஸ்டர் கார் விட்ட கொட்டகை.
தகரத்தை ஒரு முழம் உயர்த்தி
விசிறி இரண்டு மாட்டிப் பாலர் பள்ளி ஆக்கினோம்.
எண்ணெய்க் கறை மட்டும் தரையை விட்டுப் போகவில்லை.
பிள்ளைகள் அதைக் குளம் என்பார்கள்.
காலை நனைக்காமல் தாண்டித்தான் உள்ளே வருவார்கள்.

நார்வேயில் ஒரு சபை. பேர் எனக்கு வாயில் நுழையாது.
வருடம் ஒருமுறை பணம் அனுப்பும்,
என் சம்பளமும் மைலோவும் மெழுகு பென்சிலும் அதில்தான்.
பணத்தின் பின்னால் ஒரு படிவம் வரும்.
இந்த வருடம் ஓர் அட்டைப் பெட்டியும் வந்தது.
நாற்பது வெள்ளி சுங்கம் கட்டிப் பிரித்தோம்.

கம்பளிக் குல்லாய்கள்.
இருபத்துமூன்று,
பதிவேட்டில் உள்ள தலைக்கு ஒன்று.
வெளியே முப்பத்துநாலு டிகிரி.
பாஸ்டர் ஞானசிகாமணி என்னைப் பார்த்தார்,
நான் விசிறியைப் பார்த்தேன்.
முதலில் சிரித்தது யார் என்று
இன்றைக்கும் வழக்கு.

உள்பக்கம் வெள்ளை நாடா,
நாடாவில் சிவப்பு நூலில் அவரவர் பேர்.
லோகேந்திரனுக்கு நடுவில் ஓர் எழுத்து உதிர்ந்திருந்தது.
திவ்யாஷினி நாடாவுக்குள் அடங்காமல்
மடிந்து இரண்டாம் வரிக்குப் போயிருந்தாள்.
முன்பின் கேட்காத பேர்களை
விளக்கடியில் யாரோ எழுத்துக்கூட்டித் தைத்திருக்கிறார்கள்.

ஒருத்தி குல்லாயில் ரம்புத்தான் பொறுக்கினாள்.
ஒருவன் கையில் மாட்டி முதலையாக்கித்
தங்கச்சியைக் கடித்தான்.
ரிஷிவர்மன் மட்டும் கழற்றவே இல்லை.
தைப்பூசத்து மொட்டை, சந்தனம் கூடக் காயவில்லை.
"மண்டைக்குக் குளுகுளுன்னு இருக்கு டீச்சர்."
கம்பளி குளிர்ந்த அதிசயத்தைப்
பாஸ்டர் ஞாயிறு பிரசங்கத்தில் சொன்னார்.

யோகமலர் தன்னுடையதைப் போட்டுக்கொள்ளவில்லை.
புரட்டி, நாடாவை விரலால் தடவி
ஒவ்வோர் எழுத்தாய்ப் படித்தாள்.
ஒரு பிழை இல்லை.

லயத்து வீட்டில் பிறந்தவள்.
அம்மா செந்தாமரைக்குச் சிவப்பு அட்டை.
அப்பா பேர் எழுதும் கட்டத்தில் ஆள் இல்லை.
பதியப் போனபோது நாள் கடந்திருந்தது.
அப்புறம் வருடங்களும் கடந்தன.
வகுப்பில் முதலில் வாசிக்கத் தொடங்கியவள் அவள்தான்.
ஏழு வயது.
அவள் பேர் எழுதிய அரசாங்கத் தாள்
ஒன்றுகூட இல்லை.

உதிரிப் பழம் பொறுக்கும் வேலைக்கு ஒருநாள் மட்டம் போட்டுச்
செந்தாமரை சிகாமட் பதிவிலாகாவுக்குப் போனாள்.
பாஸ்டர் கடிதம், தடுப்பூசி அட்டை,
என் பதிவேட்டின் நகல்
எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில்.
அதற்குள் அந்தக் குல்லாயும் இருந்ததை
முகப்பில் எடுத்து வைத்தபோதுதான் பார்த்தேன்.
"இதுலயும் பேரு இருக்கு டீச்சர்,
வெளிநாட்டுக்காரங்களே எழுதினது."
முகப்புப் பெண் புரட்டிப் பார்த்தாள்.
பின்னல் நல்லாயிருக்கு என்றாள், மலாயில்.
மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றாள்.

படிவத்தில் ஏழாம் கேள்வி:
இந்த ஆண்டு முதலாம் வகுப்புக்குப் போவோர் எத்தனை?
ஒன்பது பேர் முடித்தார்கள்.
எட்டு என்று எழுதினேன்.
காரணம் எழுதக் கட்டம் இல்லாததால்
தாளின் ஓரத்தில் ஏறி, திரும்பி,
பின்பக்கம் முழுக்க எழுதினேன்.
நன்றியும் எழுதினேன்.
வெயிலைப் பற்றி எழுதவில்லை.
படமும் வைத்தேன்.
எல்லோர் காதோரமும் வேர்வை மினுங்க, குல்லாயோடு.

புதுப் பதிவேட்டில் முதல் பேர் யோகமலர்.
உட்காரட்டும் என்றார் பாஸ்டர்.
அந்தச் சின்ன மேசையில் முட்டி இடிக்கிறது.
குளத்தை இப்போது ஒரே எட்டில் தாண்டுகிறாள்.
இவள் தலைக்கு இது இன்னும் எத்தனை நாள் என்று
நேற்று குல்லாயை விரித்துப் பார்த்தேன்.
இழுத்தால், கம்பளி
கொஞ்சம் இடம் கொடுக்கிறது.