நான்கெல்லை

வாதி ஹுரைமில் இன்றைக்கு
முப்பத்தொரு வீடு, ஒரு பள்ளிவாசல்,
வியாழன் மட்டும் திறக்கும் கிளினிக்.
நகராட்சிக்கு வரைபடம் வேண்டும்.
நான் ஒப்பந்த சர்வேயர்.

பத்திரம் எழுதுகிற வாக்கில் தொடங்கினேன்:
வடக்கே கருங்குன்று.
கிழக்கே நிஸ்வா போகும் தார்ச்சாலை.
தெற்கே வாதி
(இங்கே வாதி என்றால் காட்டாறு,
கோர்ட்டுப் படி ஏறாது).
மேற்கே...

"மேற்கே ஒன்றுமில்லை, எழுதிக்கொள்"
வண்டியை விட்டு இறங்காமலே சொன்னார் இன்ஜினியர்.
அளவுகோலைப் பிடித்திருந்த கல்ஃபான் சிரித்தார்.
அந்த ஒன்றுமில்லைக்கு
அவரிடம் ஏழு பெயர் இருந்தது.
ஒட்டகம் ஈன்ற பள்ளம். சண்டை நின்ற மணல்.
ஸல்மாவின் கிணறு:
ஸல்மா யாரென்று தெரியாது,
தண்ணீர் உப்பென்று தெரியும்.

தெற்கெல்லை நின்ற இடத்தில் நிற்கவில்லை.
ஒரு புயல் வருஷம் வாதி
முந்நூறு மீட்டர் இந்தப் பக்கம் நடந்து வந்து
பதினெட்டுப் பேரீச்சையை அக்கரை ஆக்கியதாம்.
படுத்த கட்டிலிலேயே
அடுத்த ஊர்க்காரன் ஆகிவிட்டான் ஹுமூத்.
எந்த ஊர் ஃபலஜ் வாய்க்காலுக்குப் பங்கு கட்டுவதென்று
யோசித்து யோசித்து
இதுவரை கட்டவேயில்லை.

படிவத்தில் 'வரலாறு' என்று ஒரு கட்டம்.
அறுபது எழுத்துக்கு மேல் ஏற்காது.
நாலாவது பெயரிலேயே நிரம்பிவிட்டது.
மீதி மூன்றையும் மேற்கு ஓரத்தில்,
அளவுத்திட்டம் போடுகிற மூலையில் ஏற்றினேன்.

அளவுத்திட்டம் இல்லாத படம் செல்லாதென்று
நேற்று திரும்பி வந்திருக்கிறது.
கல்ஃபானுக்குப் போன் போட்டேன்.
நல்லவேளை கூப்பிட்டாய் என்றார்,
எட்டாவது ஒன்று
ஞாபகம் வந்ததாம்.